வணிகர் கையில் உதைபந்தாட்டம்

மலர்க் குழுவினர் என்பால் வந்து, "விளையாட்டுத் துறை பற்றி ஒரு கட்டுரை தரல் வேண்டும்" என்றபோது, அவர்கள் ஆள் மாறி வந்துவிட்டனரோ என ஐயுற்றேன். தமிழாசிரியனிடம் கம்பனைப் பற்றியோ கந்தபுராணப் படிப்புப் பற்றியோ கேட்பதே நம் நாட்டு மலர்களின் மரபு. ஆயினும், மாலை வேளைகளிற் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குப் பொறுப்பாயிருக்கும் கடமை சில காலமாக எனக்கு வாய்த்திருக்கின்றது. பந்தை உதைக்கும் வகை நான் அறியேன். பந்து உதைக்கப்படுவதற்கு முன் எத்தனை தாள்களிற் கையொப்பம் வேண்டும் என்பதை மட்டும் நன்கு அறிவேன். ஆதலின் ஆடுவோரைப் பற்றியன்றி, ஆட்டத்தை நடத்துவோரைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

நம் கல்லூரி மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்திருப்பீர்கள். அதனுட் கேடயங்களுக்கும் கிண்ணங்களுக்கும் குறைவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் அதனை நன்கொடையாக அளித்த பெருமகன் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வலுமாரி நிறைந்திருந்த ஓராண்டிலேதான், பதிவுப் படிவங்கள் உரிய நாளுக்குள் போய்ச் சேராமையாற் பதினாறு வயதுப் பிரிவினர் ஒரு சுற்றுப்போட்டியில் ஆடாமலே வீடு திரும்பினர். எவரும் வேண்டுமென்று செய்த பிழையன்று. படிவம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போகும் வழியில் உறங்கிவிட்டது. அதனை எழுப்புதல் தம் கடமையென எண்ணிய ஒருவரும் நம்முள் இருந்திலர். என்னையும் சேர்த்தே கூறுகின்றேன். காலணியைத் தோளில் மாட்டிக்கொண்டு படலை வரை நடந்து போன அப்பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறந்தபாடில்லை.

கல்லூரியளவில் நிகழ்ந்தது நாட்டளவிலும் நிகழ்ந்தது. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தேர்தல் நடந்தது. அதனை ஏற்க மறுத்த பீபா, சங்க நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டெனக் கூறி, அம்மாதம் 21 ஆம் நாள் இலங்கையை இடைநிறுத்தியது. அத்தடை ஆகஸ்ட் மாத இறுதியிலேதான் நீங்கிற்று. அதற்கிடையில் யூன், யூலை மாதங்களிற் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணப் போட்டிகள் நடந்து முடிந்துவிட்டன. இலங்கை அங்கு இல்லை. லெபனானும் குவைத்தும் விருந்தினராக வந்து ஆடின. பின்னர் செப்டெம்பரில் மறுதேர்தல் நடந்து ஜஸ்வர் உமர் தலைவராகத் தெரிவானார். இச்செய்தியை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "அப்படியென்றால் நாங்கள் நன்றாக ஆடினாலும் பயனில்லையா, சேர்?" என்று வினவினான். இலக்கணத்தில் எத்துணைக் கடிய வினாவுக்கும் விடை தேடி வைத்திருக்கின்றேன். இதற்கு அன்று என்னிடம் விடை இல்லை.

அண்டை நாடும் இதே துன்பத்தை முந்திய ஆண்டிற் பட்டது. பீடி வணிகத்தாற் செழித்த குடும்பத்திற் பிறந்து அரசியலிற் புகுந்தவர் பிரபுல் பட்டேல். 2009 முதல் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தை நடத்திய அவர், 2020 டிசெம்பரிற் பதவிக்காலம் முடிந்த பின்னரும் தேர்தலின்றி ஆசனத்தில் இருந்தார். 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவரை விலக்கி, வேறொரு குழுவை அமர்த்திற்று. பின்னர், 'வெளியார் தலையீடு' என்று பீபா தடை விதித்தது. தடை வந்த நாள் ஆகஸ்ட் 15, இந்தியாவின் சுதந்திர தினம்! பதினொரு நாட்களில் அது நீங்கியமையால் அவ்வாண்டு ஒக்டோபரிற் பதினேழு வயதுப் பெண்களுக்கான உலகக் கிண்ணம் அந்நாட்டிலேயே நடைபெறல் இயன்றது.

இவற்றைக் கண்டவர்கள் நம் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கூறும் மருந்து ஒன்றே: "அரசியல்வாதி வேண்டாம், கணக்கு வழக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரைக் கொண்டுவந்து இருத்துங்கள், எல்லாம் சரிவரும்." இக்கூற்றில் உண்மை உண்டு, ஆனால் முழுமையில்லை என்பதே என் கருத்து. அதனைச் சோதிப்பதற்கு ஏற்ற வரலாறு ஒன்று, நம் பழைய மாணவர் பலர் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவிற் கிடைக்கின்றது. அது பிராங் லோவி என்னும் வணிகரின் வரலாறு.

லோவி 1930 ஆம் ஆண்டு செக்கோசிலோவாக்கியாவில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அக்குடும்பம் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் வாழ்ந்தது. 1944 மார்ச்சில் ஜேர்மனியப் படை அந்நகருட் புகுந்தபோது, குடும்பத்தை வெளியேற்றப் புகைவண்டிச் சீட்டு வாங்கி வருவதாகக் கூறிச் சென்ற தந்தை ஹூகோ லோவி திரும்பவேயில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் யன்னலருகிற் காத்திருந்தான். தந்தைக்கு நேர்ந்ததை அவர் அறிந்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர்: ஒஷ்விட்ஸ் முகாமில், தம் வழிபாட்டுப் போர்வை அடங்கிய பையைக் கைவிட மறுத்தமைக்காக அவர் அடித்துக் கொல்லப்பட்டார். காணாமற் போனவருக்காக வாசலிற் காத்திருத்தல் எத்தகையது என்பதை நம் மண்ணில் எவருக்கும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

போர் முடிந்த பின், 1946 இற் கப்பலேறிப் பாலஸ்தீனம் நோக்கிச் சென்ற அவ்விளைஞரைப் பிரித்தானியர் மறித்துச் சைப்பிரஸ் தீவு முகாமில் அடைத்தனர். பின்னர் பாலஸ்தீனம் சேர்ந்து 1948 ஆம் ஆண்டுப் போரிலும் ஈடுபட்டார். 1952 இற் சிட்னி வந்து இறங்கியபோது அவர் கையிற் பொருளுமில்லை, நாவில் ஆங்கிலமும் அதிகமில்லை. கடைகளுக்கு இறைச்சிப் பண்டங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். அவ்வேலையிடையே ஜோன் சோண்டர்ஸ் என்னும் மற்றொரு ஹங்கேரியரைக் கண்டு நட்புக்கொண்டார். அவரும் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். இருவரும் கூட்டாகச் சிட்னியின் மேற்குப் புறத்திலுள்ள பிளக்ரவுணிற் புகைவண்டி நிலையத்துக்கு அண்மையில் ஒரு கடை வைத்தனர். தத்தம் ஊர் உணவுக்கு ஏங்கிய ஐரோப்பியக் குடியேறிகளே அக்கடையின் வாடிக்கையாளர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒடியல் மாவும் கருவாடும் பனங்கட்டியும் விற்று வாழ்வைத் தொடங்கிய நம்மவரின் கடைகளை நினைந்துகொள்க.

அக்கடையிலிருந்து 1959 இற் பிளக்ரவுணிற் பன்னிரண்டு கடைகள் சூழ்ந்த ஒரு வணிக வளாகம் எழுந்தது. அதுவே வெஸ்ற்பீல்ட். மறு ஆண்டில் அது பங்குச் சந்தையிற் சேர்ந்தது. பின்னர் அமெரிக்கா, இங்கிலாந்து வரை பரந்தது. இப்பகுதியை நான் விரைந்து கடக்கின்றேன். செல்வம் சேர்ந்த கதை எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒரே கதை.

லோவிக்கு இளமை முதல் உதைபந்தாட்டத்திற் பெருவிருப்பு. சிட்னி யூதச் சமூகத்தின் ஹக்கோவா கழகத்திற் பொறுப்பேற்றார். அந்நாளில் அவுஸ்திரேலியாவிற் றக்பியும் துடுப்பாட்டமுமே 'நாட்டின்' ஆட்டங்கள். உதைபந்தாட்டம் 'வந்தேறிகளின்' ஆட்டமென இகழப்பட்டது. கிரேக்கருக்கு ஒரு கழகம், இத்தாலியருக்கு ஒன்று, குரொவேசியருக்கு ஒன்று என அது வளர்ந்திருந்தமையே காரணம். 1977 இல் நாடு தழுவிய கழகச் சுற்றுப்போட்டி தொடங்குவதற்கு முன்னின்றவர்களுள் லோவி ஒருவர். முதலாண்டுக் கிண்ணத்தை அவர் கழகமே வென்றது; பின்னர் 1980 முதல் 1982 வரை மூன்று ஆண்டும் தொடர்ந்து வென்றது. ஆயின், சங்கத்துப் பிணக்குகளாற் சலிப்புற்று, 1987 இற் பருவம் தொடங்கிய கையோடு தம் அணியை விலக்கிக்கொண்டு வெளியேறினார். வெல்லும் அணியின் தலைவர் ஆட்டக்காரரை நட்டாற்றில் விட்டுப் போனது சரியன்று என்பது என் துணிபு. வணிகர்க்கு இலாபமற்ற கடையை மூடும் உரிமை உண்டு, கழகம் கடையன்று.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. அவுஸ்திரேலிய உதைபந்தாட்டச் சங்கம் கடனிலும் கட்சிப் பூசலிலும் மூழ்கிக் கிடந்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு 2003 ஏப்ரிலில் தன் அறிக்கையை வெளியிட்டது. டேவிட் குரோபோர்ட் தலைமை தாங்கியமையால் அது குரோபோர்ட் அறிக்கை எனப்படும். பழைய நிருவாகம் முற்றாக விலகுதல் வேண்டும், யாப்புப் புதிதாக எழுதப்படல் வேண்டும் என்பன அதன் சாரம். பிரதமர் ஜோன் ஹவார்ட் லோவியை அழைத்துப் பொறுப்பேற்குமாறு வேண்டினார். அப்போது அவருக்கு வயது 72. பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்கும் வயதில் முறிந்த சங்கமொன்றை அவர் தலையில் ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் அவர் செய்தவற்றுள் நம்மவர் கவனிக்கத்தக்கது, அவர் தம் கைப்பணத்தைக் கொட்டினார் என்பதன்று. பழைய சங்கத்தின் கடன்களோடு கலவாத புதிய சங்கத்தை நிறுவிய பின்னரே காரியம் தொடங்கினார். அரசின் 1 கோடி 50 இலட்சம் டொலர் உதவியும் அச்சீர்திருத்தத்தோடு பிணைக்கப்பட்டே வந்தது. அடுத்து, றக்பிச் சங்கத்தை நடத்திப் பெயர் பெற்ற ஜோன் ஓநீல் என்பவரை 2004 இல் முதன்மை நிருவாகியாகக் கொணர்ந்தார். பிற விளையாட்டிலிருந்து ஆளெடுப்பது தம் மானத்துக்கு இழுக்கென அவர் எண்ணவில்லை. 2005 இல் ஒல்லாந்துப் பயிற்றுநர் குஸ் ஹிடிங்கை அழைத்துத் தேசிய அணியை ஒப்படைத்தார். யார் ஆடுவது என்பதை ஹிடிங்க் தீர்மானித்தார். நம்மூரிலோ, ஒரு சோடிச் சீருடை வாங்கிக் கொடுத்தவர் நடுக்கள ஆட்டக்காரர் யார் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்!

அவ்வாண்டு ஆகஸ்டில் எட்டுக் கழகங்களோடு 'ஏ லீக்' போட்டி தொடங்கிற்று. நவம்பர் 16 ஆம் நாள் இரவு, சிட்னி விளையாட்டரங்கில் 82,000 பேருக்கு மேல் திரண்டிருக்க, அவுஸ்திரேலியா உருகுவேயை எதிர்த்தது. இரு ஆட்டங்களிலும் ஆளுக்கொரு வெற்றியாகச் சமநிலை ஏற்பட, தண்ட உதைகளாற் தீர்ப்புக் காண வேண்டியதாயிற்று. கோல் காப்பாளர் மார்க் ஷ்வார்சர் இரண்டு உதைகளைத் தடுத்தார். ஜோன் அலோய்சி இறுதி உதையை வலைக்குட் செலுத்தி, மேலாடையைக் கழற்றிச் சுழற்றியபடி ஓடினார். 1974 க்குப் பின், 32 ஆண்டுகள் கழித்து, அவுஸ்திரேலியா உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. பெரியவர்கள் தெருவில் நின்று அழுதனர் என அங்குள்ள நண்பரொருவர் எனக்குக் கூறினார்.

எனினும், அவ்விரவினும் பெரிய காரியம் ஆரவாரமின்றி நிகழ்ந்தது. அவுஸ்திரேலியா அதுவரை ஓசியானியா வலயத்திற் சிறு தீவுகளோடு ஆடிக்கொண்டிருந்தது. 2001 இல் அமெரிக்க சமோவாவை 31 க்கு 0 என வென்றமை அவ்வலயத்தின் நிலையைக் காட்டப் போதுமானது. அங்கு எத்துணை எளிதாக வென்றாலும், உலகக் கிண்ணத்துக்குப் போக முன் தென்னமெரிக்க அணியொன்றோடு இறுதியில் மோதியே தீர வேண்டும். வணிகக் கண்ணோடு நோக்கிய லோவி, 'சந்தை தவறான இடத்தில் இருக்கின்றது' எனக் கண்டவர் போல, 2006 ஜனவரி முதல் நாட்டை ஆசியச் சம்மேளனத்திற் சேர்த்துவிட்டார். 2006 முதல் 2022 வரை நடந்த ஐந்து உலகக் கிண்ணங்களிலும் அவுஸ்திரேலியா ஆடியது. 2015 ஜனவரி 31 இற் சிட்னியிலே தென்கொரியாவை 2 க்கு 1 என வென்று ஆசியக் கிண்ணத்தையும் ஏந்தியது.

இவ்வளவோடு நிறுத்தினால் இஃது ஒரு பாராட்டிதழாகிவிடும். மறுபக்கமும் உண்டு.

ஏ லீக் தொடங்கியபோது, குடியேறிகள் தம் வியர்வையால் வளர்த்த பழைய கழகங்கள் வெளியே விடப்பட்டன. 'இனச் சார்பற்ற' புதிய கழகங்களே வேண்டப்பட்டன. வணிக நோக்கில் அது சரியாயிருக்கலாம். குருநகரிலும் நாவாந்துறையிலும் பாஷையூரிலும் கோயிலையும் கடற்கரையையும் சுற்றியே கழகங்கள் வளர்ந்ததை அறிந்த எனக்கு அது நெஞ்சுக்கு ஒவ்வவில்லை. வேரை மண்ணோடு பிடுங்கிவிட்டு மரத்தைத் தொட்டியில் நடுதல் போன்றது அது. அவ்வேர்களுள் ஒன்று லோவியின் சொந்தக் கழகமே என்பதும் நினைக்கத்தக்கது.

இரண்டாவது, 2022 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை நடத்த அவர் எடுத்த முயற்சி. ஏறத்தாழ 4 கோடி 50 இலட்சம் டொலர் அரசுப் பணம் செலவாயிற்று. 2010 டிசெம்பர் 2 ஆம் நாள் சூரிச் நகரில் வாக்கெண்ணியபோது அவுஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு; கிண்ணம் கட்டாருக்குப் போயிற்று. அம்முயற்சியினிடையே கரிபியன் நாட்டு விளையாட்டு மையமொன்றுக்கென அளித்த 5 இலட்சம் டொலர் உரிய இடத்திற் சேராது போனமையை 2015 இல் லோவியே பகிரங்கக் கடிதமொன்றில் எழுதினார். கடையிற் கொள்முதல் செய்யும்போது ஏமாறினால் நட்டம் கடைக்காரருக்கு. இங்கோ நட்டம் வரி கொடுத்தவனுக்கு.

மூன்றாவதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. 2015 நவம்பரில் அவர் 85 வயதில் விலகியபோது, தலைவர் ஆசனத்தில் அமர்ந்தவர் அவர் மகன் ஸ்டீவன் லோவி. தேர்தல் முறைப்படியே நடந்தது. ஆயின், வாக்களிக்கும் பேரவையில் அப்போது இருந்த வாக்குகள் பத்தே. ஒன்பது மாநில, பிரதேசச் சங்கங்களுக்கு ஒவ்வொன்று. கழகங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒன்று. பேரவையை விரிக்குமாறு பீபா ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தியது. 2018 ஒக்டோபரில் விரிவாக்கம் நிறைவேறிற்று. அடுத்த மாதம் மகன் பதவியை விட்டு நீங்கினார். பிறர் விட்டுச்சென்ற அழிவிலிருந்து ஒரு சங்கத்தை மீட்டவர், தமக்குப் பின் அதனைப் பலர் கையிற் பரப்பி வைக்கத் தவறினார். நம் தமிழில் 'யாப்பு' என்னுஞ் சொல் செய்யுளுக்கும் சங்கத்துக்கும் பொதுவாயிருப்பது எனக்கு எப்போதும் இன்பந் தருவது. சீர் ஒன்று பிறழ்ந்தாற் செய்யுள் தளை தட்டும். புலவன் எத்துணைப் பெரியவனாயினும் அதற்கு விலக்கில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் முன்னோர்க்குச் சங்கம் நடத்துதல் புதிதன்று. 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் இப்பகுதியெங்கும் பள்ளிகளை நிறுவி, 1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அரசு பொறுப்பேற்கும் வரை நடத்தி வந்தது. நியாயவாதியும் வணிகரும் கமக்காரரும் அதற்குத் தோள் கொடுத்தனர். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துத் தருமத்துக்குச் சேர்த்த மரபு நம்முடையது. அரிசி கொடுத்தவள் பெயர் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை. ஆனால் அவ்வரிசியை வீடு வீடாய்ச் சென்று வாங்கி, அளந்து, கணக்கெழுதிய ஒருவர் இருந்தார். அவரைத்தான் இன்று தேடுகின்றோம்.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்கள் கல்லூரிக்குச் செய்யும் உதவியைக் குறைத்து மதிப்பேனல்லேன். ஆனால் அவ்வுதவி பெரும்பாலும் நாம் கண்ணாற் காணக்கூடிய பொருளாகவே வந்து சேருகின்றது: கேடயம், மின்விளக்கு, பெயர்ப்பலகை. கொடுத்தவரைப் போஷகராக்கி, மாலையிட்டு, முன் வரிசையில் இருத்தி அனுப்பிவிடுகின்றோம். கடையொன்றை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டியெழுப்பிய அவரிடம், சரக்கு எங்கே தேங்குகின்றது, யார் எவருக்குப் பதில் சொல்ல வேண்டும், எந்நாளில் எது முடிதல் வேண்டும் என்னும் அறிவு நிறைந்திருக்கின்றது. அதனை நாம் கேட்பதேயில்லை. அவருடைய காசோலையை மட்டுமே கேட்கின்றோம்.

ஆகவே, வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணையை முன்வைக்க எண்ணியுள்ளேன். கல்லூரி விளையாட்டுக்கென ஐவர் கொண்ட நிருவாகக் குழு ஒன்று அமைதல் வேண்டும். அவர்களுள் இருவராவது சொந்தத் தொழில் நடத்திப் பழகிய பழைய மாணவராயிருத்தல் வேண்டும். ஒருவரும் மூன்று ஆண்டுக்கு மேல் தொடர்ந்து அமரலாகாது. அவருடைய மகனோ மருமகனோ உடனடியாக அவ்விடத்துக்கு வரலாகாது. அணித் தெரிவில் அவர்கள் வாய் திறவாதிருத்தல் வேண்டும். பதிவுப் படிவங்கள் ஒவ்வொன்றும் எந்நாளில் எவர் கையிலிருந்து போயிற்று என்பதை எழுதும் பதிவேடு ஒன்று விளையாட்டு அறையில், அக்கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில், எவரும் பார்க்கத் தொங்குதல் வேண்டும். சிட்னியிலும் மெல்பேணிலும் உள்ளோர் தொலைவிலிருந்தே இக்குழுவிற் பணியாற்ற இன்றைய வசதிகள் இடந்தருகின்றன.

பதிவேட்டை நானே வாங்கிவிட்டேன். இருநூறு பக்கக் கொப்பி. பிரேரணையை வழிமொழிவதற்கு ஒருவர் வேண்டும்.